உள்ளாடை புதுசு, மேலாடை பழசு: துணி வாங்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட சென்னை தண்டையார்பேட்டையில் தையல் கடை வைத்து 19 வருடம் ஆகிறது. புதுசு தைப்பதைவிட ஆல்ட்டர் வேலைதான் அதிகம். கிழிசல், ஜிப், எலாஸ்டிக், கைலி மூட்டுவது எல்லாம் வரும். அதற்கு முன் 6 வருடம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பார்த்தேன். துணியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் எல்லோரும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, என் பதிலைக் கீழே தருகிறேன்.

"அக்கா, ஜட்டி பனியன்கூட பழசா வாங்கலாமா? எம்.சி. ரோடு பக்கம் குவிச்சு வச்சு விக்கிறாங்களே?"

எம்.சி. ரோடு என்பது வண்ணாரப்பேட்டையின் துணிக்கடைத் தெரு. அங்கே குவிந்து கிடப்பது பெரும்பாலும் யாரோ போட்ட துணி இல்லை. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், செகண்ட்ஸ் என்று சொல்வது. ஒரு ஆர்டரில் கொஞ்சம் பழுதாகும் என்று கணக்குப் போட்டுக் கம்பெனிகள் கூடுதலாகவே வெட்டித் தைப்பார்கள். மிஞ்சியது சர்ப்ளஸ். பழுது என்று ஒதுக்கியது செகண்ட்ஸ். இரண்டுமே உடுத்தாத துணிதான். கழுத்து லேபிளைப் பாதி வெட்டியிருப்பார்கள், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதல் தரம் என்று திரும்ப விற்கக் கூடாது என்பதற்காக வெட்டுவது அது.

செகண்ட்ஸில் என்ன பழுது என்று மட்டும் தேடிப் பாருங்கள். சாயத்தில் லேசான வித்தியாசம், பிரிண்ட் நகர்ந்தது, இதெல்லாம் உழைப்பைக் குறைக்காது. பனியன் துணியில் ஊசி ஓட்டை இருந்தால் எடுக்காதீர்கள். பின்னல் துணி என்பதால் அந்த ஒரு கண்ணி ஏணி மாதிரி பிரிந்துகொண்டே போகும்.

ஒருவர் உடுத்திய உள்ளாடையை மட்டும் வாங்க வேண்டாம். சுத்தம் ஒரு காரணம். இன்னொன்று, உள்ளாடையின் ஆயுள் எலாஸ்டிக்கில் இருக்கிறது. அந்த ஆயுளை முதலில் போட்டவரே செலவழித்திருப்பார். உள்ளே போடுவது புதுசாக, நல்லதாக, கொஞ்சமாக. மேலே போடுவது பழசாக இருந்தாலும் போதும். என் வீட்டில் இதுதான் வழக்கம்.

"கவர்ல நூறு சதவீதம் காட்டன்னு போட்டிருக்கு. நெஜமாவே காட்டனா?"

வீட்டுக்கு வந்தபின் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. உள் ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், சாம்பல் தொட்டால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். கலப்பு என்றால் சாம்பலுக்கு நடுவே கடினமாக நெருடும்.

இதில் பலரும் தவறுவது ஒரு இடத்தில். தையல் நூலை உருவிக் கொளுத்திவிட்டு "ஏமாத்திட்டாங்க" என்று வருவார்கள். சுத்தக் காட்டன் சட்டையைக்கூட இப்போது பாலியஸ்டர் நூலில்தான் தைக்கிறார்கள், பலம் அதிகம் என்பதால். துணியிலிருந்து இழை எடுக்க வேண்டும்.

"ஜட்டி வாங்கறப்ப எதைப் பாக்கணும்? பிராண்டைப் பாத்து வாங்கினா போதாதா?"

ஒரே பிராண்டிலேயே மூன்று விலையில் மூன்று தரம் வருகிறது. அதனால் கையை நம்புங்கள். முதலில் இடுப்பு எலாஸ்டிக். இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து விடுங்கள். பழைய அளவுக்கே சட்டென்று திரும்ப வேண்டும். இழுத்த நிலையில் உள்ளே வெள்ளை ரப்பர் இழைகள் எட்டிப் பார்த்தால் நாலு மாதத்தில் நெளிந்துவிடும். இரண்டாவது, தொடை ஓரத் தையல். விரித்துப் பாருங்கள், நூல் 'டக்' என்று அறுபடும் சத்தம் வந்தால் வேண்டாம். ஒரு அங்குலத்தில் 10 முதல் 12 தையல் இருந்தால் நல்ல வேலை. 7, 8 என்றால் அவசரத்தில் ஓட்டியது.

மூன்றாவது துணி. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் விரல் தெளிவாகத் தெரியக் கூடாது. கோம்ப்டு காட்டன் என்று போட்டிருந்தால் நல்லது. குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்டு நூற்ற நூல் அது, சீக்கிரம் பஞ்சு பஞ்சாக எழும்பாது. பெண்களுக்கான ஜட்டியில் நடுப்பகுதி இரண்டு அடுக்காக இருக்க வேண்டும், உள் அடுக்கு காட்டனாகவே இருக்க வேண்டும். வெளியே லேஸோ நைலானோ எதுவாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பின்னால் ரிப்பேர் செய்ய முடியுமா என்பதையும் பாருங்கள். உறை மாதிரி மடித்துத் தைத்து, உள்ளே எலாஸ்டிக் தனியாக ஓடும் வகை என்றால், ஒரு ஊக்கு இருந்தால் நீங்களே மாற்றிவிடலாம். எலாஸ்டிக் மீட்டர் கணக்கில் ஃபேன்ஸி ஸ்டோரிலேயே கிடைக்கும். துணி திடமாக இருக்கும்போது எலாஸ்டிக் போய்விட்டது என்று தூக்கிப் போடுவது எனக்கு மனசுக்கு ஒப்புவதில்லை.

"60 ரூபாய்க்கும் கிடைக்குது, 180 ரூபாய்க்கும் கிடைக்குது. நாங்க எதை வாங்கறது?"

எத்தனை மாதம் வரும் என்று வகுத்துப் பாருங்கள். 60 ரூபாய் ஜட்டி நாலு மாதம் என்றால் மாதம் 15 ரூபாய். 180 ரூபாய் ஜட்டி ஒன்றரை வருடம் என்றால் மாதம் 10 ரூபாய். கையில் மொத்தமாகப் பணம் இல்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு கோபத்தைத்தான் தரும், அது நியாயமும்கூட. அவர்களுக்கு நான் சொல்வது, ஒரேயடியாக ஆறு மலிவானதை வாங்காமல் மாதம் ஒன்று நல்லதாகச் சேருங்கள். ஆறு மாதத்தில் செட் ஆகிவிடும், அடுத்த வருடம் அந்தச் செலவு இருக்காது.

விலை கூடினாலே நல்லது என்று அர்த்தம் இல்லை. முந்தைய பதிலில் சொன்ன சோதனையில் 180 ரூபாய் சரக்கு தோற்று 90 ரூபாய் சரக்கு ஜெயிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

"லைக்ரா கலந்ததுன்னா பிளாஸ்டிக்தானே, அதை ஏன் வாங்கணும்?"

ஆமாம், அது செயற்கை இழைதான். ஆனால் ஜட்டியிலும் லெக்கின்ஸிலும் 5 சதவீதம் வரை இருப்பது வடிவத்தைக் காப்பாற்றும். அது இல்லாத சுத்தக் காட்டன் லெக்கின்ஸ் முட்டியில் பை மாதிரி தொங்கும். 5 சதவீதத்துக்காக ஒரு துணி இரண்டு மடங்கு நாள் உழைத்தால் எனக்குச் சம்மதம். அதற்கு மேல் போனால் தேவையா என்று யோசிப்பேன்.

லைக்ராவுக்கு இரண்டு எதிரிகள், சூடும் குளோரின் பிளீச்சிங்கும். வெள்ளை ஜட்டியைப் பிளீச்சிங் பவுடரில் ஊற வைப்பவர்கள் எலாஸ்டிக்கை அவர்களே சாகடிக்கிறார்கள்.

"அவரு காசிமேட்டுல வேல செய்றாரு. பனியன் ரெண்டு மாசத்துல வல மாதிரி ஆயிடுது. மீன் வாடையும் போறதில்ல."

வலை மாதிரி ஆவதற்குப் பாதிக் காரணம் பிரஷ். ஈரமான பனியனைக் கல்லில் வைத்து பிளாஸ்டிக் பிரஷ்ஷால் தேய்த்தால் எந்தத் துணியும் தாங்காது. கழற்றிய உடனே பச்சைத் தண்ணீரில் அலசி உப்பையும் வியர்வையையும் வெளியேற்றிவிடுங்கள், அரை மணி நேரம் சோப்புத்தூளில் ஊறட்டும், பிறகு கையால் கசக்கினால் போதும். மூட்டை கட்டி வைத்து மறுநாள் துவைப்பதுதான் கறையையும் வாடையையும் நிரந்தரமாக்குகிறது. மீன் வாடைக்குக் கடைசி அலசலில் அரை வாளித் தண்ணீருக்கு ஒரு எலுமிச்சம்பழச் சாறோ இரண்டு மூன்று கரண்டி வினிகரோ ஊற்றுங்கள். அந்த வாடையை உண்டாக்குவதைப் புளிப்பு முறிக்கும்.

வேலைக்குப் போட பாலியஸ்டர் டி-ஷர்ட் சீக்கிரம் காயும் என்று வாங்குகிறார்கள். காயும், உண்மை. ஆனால் வாடையைப் பருத்தியைவிடப் பிடித்து வைத்துக்கொள்வது அதுதான். அந்த வேலைக்கு ரிப் பனியனும் மேலே ஒரு பழைய காட்டன் சட்டையும் சரியாக இருக்கும்.

"பிரா வாங்கினா மூணே மாசத்துல பட்டை லூஸ் ஆயிடுது. என் சைஸ் தப்பா?"

இதைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. என் அனுபவத்தில் பத்தில் ஏழு பேர் சுற்றளவைப் பெரிதாகவும் கப்பைச் சிறியதாகவும் வாங்குகிறார்கள். தாங்கும் வேலையைச் செய்ய வேண்டியது மார்புக்குக் கீழே சுற்றும் பட்டை. அது தளர்வாக இருந்தால் எல்லாப் பாரமும் தோள் பட்டையில் ஏறும், தோளில் பள்ளம் விழும், பட்டையும் சீக்கிரம் நெகிழும்.

புது பிராவைக் கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான வரிசையில் மாட்டும்போது கச்சிதமாக இருக்க வேண்டும். நாளாக ஆக உள் வரிசைக்குப் போகலாம். முதல் நாளே உள் கொக்கியில் மாட்டினால் நாளைக்கு இடம் இல்லை. ஒன்றையே தொடர்ந்து இரண்டு நாள் போடாதீர்கள், எலாஸ்டிக் பழைய நிலைக்கு வர ஒரு நாள் ஓய்வு வேண்டும். தோள் பட்டை, கொக்கிப் பட்டி இரண்டும் மாற்றக் கூடியவை. பத்து நிமிட வேலை.

"எத்தனை செட் வச்சிருந்தா போதும்?"

தினமும் துவைக்கும் வீட்டில் ஆளுக்கு ஆறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் காயாமல் போகும் நாட்களுக்கு இன்னும் இரண்டு.

"பழைய சட்டை பேன்ட் வாங்கலாம்கறீங்க. அடுத்தவங்க போட்டது, வியாதி வந்துடாதா?"

துவைக்காமல் போட்டால் வரலாம். வாங்கி வந்ததை நேராக அலமாரியில் வைக்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி நாலு நாள் தனியே வைத்துவிடுங்கள். சொறிப் பூச்சி மனித உடம்பை விட்டுப் பிரிந்தால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது, தலைப்பேனும் அப்படித்தான். பிறகு கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் ஊற வைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் திருப்பிப் போட்டுக் காய வைத்து, தையல் ஓரங்களில் சூடான இஸ்திரி போடுங்கள். அதன்பின் அது உங்கள் துணி.

புதுசும் அப்படி ஒன்றும் சுத்தமானது இல்லை. சுருங்காமல் இருக்கப் போட்ட ரசாயனமும் மிச்சச் சாயமும் அதில் இருக்கும். புதுத் துணிக்கு மஞ்சள் வைக்கும் முன்னால் ஒரு தண்ணீர் அலசுங்கள்.

"செத்தவங்க துணியா இருந்தா என்னக்கா பண்றது?"

மனசு ஒப்பவில்லை என்றால் வாங்காதீர்கள், அதில் வாதம் செய்ய மாட்டேன். ஆனால் ஒன்று நினைத்துப் பாருங்கள். பிறந்த குழந்தைக்கு நம் வீடுகளில் முதலில் சுற்றுவது புதுத் துணியை அல்ல, தாத்தாவின் பழைய வேட்டியை, பாட்டியின் பழைய சேலையை. மெத்தென்று இருக்கும், பெரியவர்களின் ஆயுள் சேரும் என்பார்கள். போன வருடம் ஒரு தம்பி அவன் தாத்தாவின் காக்கி பேன்ட்டைக் கொண்டு வந்தான். தாத்தா புளியந்தோப்புப் பக்கம் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். அந்த மில் 1996இல் மூடியது. துணி அங்கே நெய்தது என்றான். இடுப்பைச் சுருக்கித் தந்தேன். மடிப்பு ஓரத்தில்கூடச் சாயம் அதிகம் வெளுக்கவில்லை. அவன் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறான்.

"மூர் மார்க்கெட், பாரிமுனைப் பக்கம் பிளாட்பாரத்துல எடுக்கறப்ப நல்லதைக் கண்டுபிடிக்கிறது எப்படி?"

பகல் வெளிச்சத்தில் போங்கள். சட்டை என்றால் காலர் மடிப்பும் அக்குளும். காலர் மட்டும் தேய்ந்திருந்தால் விடாதீர்கள். பிரித்துத் திருப்பித் தைத்தால் இன்னும் இரண்டு வருடம் வரும். அக்குளில் துணி மொடமொடவென்று மஞ்சளாக இருந்தால் அது போகாது. பேன்ட் என்றால் உள் தொடை. வெளிச்சத்தில் பிடித்தால் அங்கே மெலிந்திருப்பது தெரியும். ஜிப் போயிருந்தால் பரவாயில்லை, உள் தொடை போயிருந்தால் வேண்டாம். ஜீன்ஸில் கனமான சுத்தக் காட்டன் டெனிமைத் தேடுங்கள். பழசில் வாங்க அதைவிட லாபமான துணி வேறு இல்லை. கால் நீளம் குறைக்கலாம், இடுப்பு இரண்டு அங்குலம் வரை கூட்டிக் குறைக்கலாம். தோள் அகலத்தில் கை வைத்தால் சட்டையே குலைந்துவிடும், அதனால் தோள் பொருந்தினால் மட்டும் எடுங்கள்.

பழசுக்கு இன்னொரு பலம் உண்டு. சுருங்க வேண்டியது சுருங்கிவிட்டது, சாயம் போக வேண்டியது போய்விட்டது, டி-ஷர்ட்டின் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு வர வேண்டும் என்றால் வந்திருக்கும். புதுசில் இதெல்லாம் நாலு சலவைக்குப் பிறகுதான் தெரியும்.

ரேயான் குர்தியும் ரேயான் நைட்டியும் மட்டும் பழசில் தவிர்க்கிறேன். நனைந்தால் பலம் குறையும் இழை அது. பலமுறை துவைத்தது என்றால் அக்குள் தையலோரம் விட்டுக்கொடுக்கும்.

"எங்க ஏரியால போர் தண்ணி உப்பு. எதைப் போட்டாலும் மொடமொடன்னு ஆயிடுது."

திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்திலிருந்து வரும் எல்லோரும் சொல்வது இது. கடினத் தண்ணீரில் கட்டி சோப்பு நுரைக்காது, சுண்ணாம்போடு சேர்ந்து பிசுபிசுப்பாகத் துணியில் படியும். நரைத்த நிறமும் விறைப்பும் அதனால்தான். சோப்புத்தூளோ திரவமோ அந்தத் தண்ணீருக்குப் பரவாயில்லை. ஊற வைக்கும் வாளியில் ஒரு கரண்டி சலவை சோடா சேர்க்கலாம். வினிகரை மேலே சொன்ன மாதிரி கடைசி அலசலில் சேர்த்தால் படிந்தது கரையும். எல்லாம் முடிந்து ஒரே ஒரு வாளி மெட்ரோ தண்ணீர் கிடைத்தால், அதை உள்ளாடைக்கும் குழந்தைத் துணிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்தில் ஒரு காலத்தில் வெள்ளைத் துணியை வெளியே காயப் போட முடியாது, துறைமுக நிலக்கரித் தூசி கரியாகப் படியும். 2011இல் அங்கே நிலக்கரி இறக்குவது நின்ற பிறகுதான் அந்தத் தெருக்களில் கொடியில் வெள்ளைத் துணி காய்வதைப் பார்க்கிறேன்.

"தொடை இடுக்குல அரிப்பு, வட்டமா படருது. காட்டனுக்கு மாறினா போயிடுமா?"

மாறினால் உதவும், ஆனால் அது மட்டும் போதாது. படர்தாமரை பூஞ்சையால் வருவது. ஈரமும் சூடும் அதற்கு வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த ஜட்டியை உடம்புச் சூட்டில் காயட்டும் என்று போடுவதை முதலில் நிறுத்துங்கள். மழைக்காலத்தில் இஸ்திரி போட்டாவது ஈரத்தை எடுங்கள். துண்டு, சோப்பு, உள்ளாடையை வீட்டில் யாரோடும் பகிராதீர்கள். குணமாகும் வரை உள்ளாடையை வெந்நீரில் ஊற வைத்துத் துவையுங்கள். சூடு எலாஸ்டிக்குக்கு ஆகாது என்று லைக்ரா கேள்வியில் சொன்னேன். இங்கே எலாஸ்டிக் போனால் போகட்டும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ட்யூப்களைத் தடவாதீர்கள். ஸ்டீராய்டு கலந்தது என்றால் இரண்டு நாள் அடங்கி, பிறகு இன்னும் பெரிதாகப் படரும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. அங்கே காட்டுங்கள், வீட்டில் எத்தனை பேருக்கு இருக்கிறதோ அத்தனை பேரும் சேர்ந்து.

"ஆர்கானிக், மூங்கில் துணின்னு போட்டு மூணு மடங்கு விலை சொல்றாங்க. அது நல்லதா?"

மூங்கில் என்று விற்பது அநேகமாக விஸ்கோஸ், அதாவது ரேயான் வகைதான். மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்பைடிலும் கரைத்து இழையாக இழுப்பது. மெத்தென்று இருக்கும், ஆனால் இயற்கை என்று அதற்குக் கூடுதல் பணம் தர நான் தயாரில்லை. ரேயானுக்குச் சொன்ன பலவீனம் இதற்கும் உண்டு.

ஆர்கானிக் என்றால் ஜி.ஓ.டி.எஸ். முத்திரையைத் தேடுங்கள். அதில் 'ஆர்கானிக்' என்ற லேபிளுக்குக் குறைந்தது 95 சதவீதம் இயற்கை வேளாண் இழை வேண்டும், சாயப் பட்டறைக் கழிவுக்கும் விதிகள் உண்டு. ஓகோ-டெக்ஸ் 100 முத்திரை வேறு. துணியில் தீங்கான ரசாயனம் மிச்சம் இல்லை என்று சோதித்தது மட்டும்தான் அதன் பொருள். இரண்டுமே துணி எத்தனை நாள் உழைக்கும் என்று சொல்வதில்லை. அதற்கு உங்கள் கைதான்.

"பழைய துணிய பாத்திரக்காரர்கிட்ட போடலாமா, போகில கொளுத்திடலாமா?"

கொளுத்தாதீர்கள். நெருப்புச் சோதனையில் பார்த்தீர்களே, அந்த உருகும் பாலியஸ்டர்தான் தெரு முழுக்கப் புகையாகிறது. குப்பையில் போட்டால் நம் பக்கத்துத் துணி போய்ச் சேரும் இடம் கொடுங்கையூர். அங்கே மூச்சு விடுபவர்களும் நம் ஆட்கள்தான்.

உடுத்தக்கூடியதைப் பாத்திரக்காரரிடம் போடுங்கள், அது ஒருவர் கைக்குப் போய்ச் சேரும். அதற்கு ஆகாத காட்டன் பனியனுக்கு மெக்கானிக் கடையிலும் லேத்திலும் எப்போதும் தேவை இருக்கிறது, எண்ணெய் துடைக்க அதைவிடச் சிறந்தது இல்லை. பழைய கைலி கரித்துணிக்கும் தலையணை உறைக்கும் ஆகும். பழைய ஜட்டியை மட்டும் வெட்டி எலாஸ்டிக்கைத் தனியாக எடுத்துவிட்டுத் துடைக்கப் பயன்படுத்துங்கள்.

"எல்லாரும் பழசே வாங்கினா திருப்பூர்ல தைக்கிறவங்க பொழப்பு என்னாகும்?"

இது என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி, கேட்டது ஒரு கல்லூரிப் பெண். நானே ஊசிக்குப் பின்னால் உட்கார்ந்து சம்பாதிப்பவள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. வண்ணாரப்பேட்டைக்குப் பெயரே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கப்பலேற்றிய துணியை வெளுத்தவர்களால் வந்தது. துணி இல்லாமல் இந்த ஊர் இல்லை.

ஆனால் மலிவுத் துணியின் விலையை யாரோ கட்டுகிறார்கள். திருப்பூர்ச் சாயத்தால் நொய்யல் கெட்டு, ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, கழிவை வெளியே விடாத அமைப்பு இல்லாத பட்டறைகளை 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. சுத்திகரிக்க ஆகும் செலவு துணி விலையில் ஏறத்தான் வேண்டும். உள்ளாடையை நல்ல விலை கொடுத்துப் புதுசாக வாங்குங்கள் என்று முதல் பதிலிலேயே சொன்னதில் இதுவும் அடக்கம். அந்தப் பணம் திருப்பூருக்குத்தான் போகிறது. மேலாடையில் மிச்சமாகும் பணத்தில் கொஞ்சம் உங்கள் தெரு டெய்லருக்கும் வரும். அந்தப் பெண் அன்று கொண்டு வந்தது அவள் அக்காவின் சுடிதார். பக்கத்தில் ஒன்றரை அங்குலம் பிடித்து, கை நீளம் குறைத்து வைத்தேன். சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டு போனாள்.